ஐந்து நாள் என் கைப்பையில் இருந்த பிளக்

என் மகள் ஜோஹன்னஸ்பர்க்கில் தன் வீட்டு மாடிப்படியில் வழுக்கி விழுந்து வலது காலை முறித்துக்கொண்டாள். முழங்காலுக்குக் கீழே தகடு வைத்துத் திருகாணி போட்டிருந்தார்கள். இரண்டு மாதம் காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்குச் சுரங்கங்களில் இயந்திரம் பழுதுபார்க்கும் வேலை. மாதத்தில் பாதி நாள் வெளியூரில்தான் இருப்பார். "அம்மா, நீயும் அப்பாவும் ஒரு ஆறு வாரம் வந்து இருந்துட்டுப் போங்களேன்" என்று மகள் போனில் சொன்னாள். நான் உடனே சரி என்றேன். என் கணவரும் தலையை ஆட்டினார். ஆட்டிவிட்டு, "மெஷினை எப்படி எடுத்துட்டுப் போறது?" என்றார்.

அவருக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். ஆறு வருடமாக மூக்கில் முகமூடி மாட்டி, ஒரு குழாய் வழியாகக் காற்றைத் தள்ளும் சின்ன மெஷினோடுதான் படுக்கிறார். அது இல்லாமல் ஒரு இரவுகூடப் படுக்கக் கூடாது என்பது டாக்டர் சொன்னது. ஒரு மணி நேரம்கூடப் படுக்க மாட்டேன் என்பது அவர் தானாகச் சேர்த்துக்கொண்டது. காப்பீட்டு அலுவலகத்தில் முப்பத்து மூன்று வருடம் பாலிசியின் பின்பக்கத்துப் பொடி எழுத்துகளைப் படித்தே ஓய்வு பெற்றவர். மெஷினின் அடியில் இருந்ததைப் படித்துவிட்டு, "நூறு வோல்ட்டுலேர்ந்து எறநூத்தி நாப்பது வரைக்கும் தாங்கும். அங்க கரண்டு நம்ம மாதிரியே எறநூத்தி முப்பதுதான். அதுல பிரச்சினை இல்ல. பிளக்தான் வேற மாதிரி" என்றார்.

மகள் தன் அறைச் சுவரில் இருக்கும் பிளக் பாயின்ட்டைப் படம் பிடித்து அனுப்பினாள். மூன்று உருண்டைத் துளைகள். "இங்க வந்து வாங்கிக்கலாம்ப்பா, எங்கயும் கிடைக்கும்" என்றாள். அவள் நடக்க முடியாமல் கிடக்கிறாள், மாப்பிள்ளை சுரங்கத்தில் இருக்கிறார். போய் இறங்கின முதல் இரவு யார் போய் வாங்குவது என்று கேட்டார் இவர். "கையில இல்லாம நான் கிளம்ப மாட்டேன்."

வாங்குகிற வேலை எனக்கு வந்தது. வந்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை. விசாவுக்கு வரிசையில் நின்றது நான், டிக்கெட் போட்டது நான், அவர் மாத்திரைகளுக்கு டாக்டரிடம் கடிதம் வாங்கியதும் நான். இது மட்டும் வேறு யாரிடம் போகும்?

எனக்கு மும்பையில், மாஹிமில் ஒரு துணி ஏற்றுமதிக் கம்பெனியில் வேலை. சாயங்காலம் தாராவிக்குள் புகுந்து சயான் வந்து, அங்கிருந்து பஸ் பிடித்தால் செம்பூரில் வீடு. கல்யாணத்துக்கு முன்பு இருபத்து நான்கு வருடம் தாராவியிலேயே வளர்ந்தவள் நான். அங்கே நைன்ட்டி ஃபீட் ரோட்டில் மொபைல் கவரும் சார்ஜரும் விற்கும் ஒரு கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவரிடம் கேட்டேன்.

"எக்கா, இது நூத்தம்பது நாட்டுல ஓடும்க்கா" என்று கறுப்பாக ஒரு கட்டையை எடுத்து வைத்தார். எந்தப் பக்கம் இழுத்தாலும் அதிலிருந்து ஒரு பின் வெளியே வந்தது.

"ஆப்பிரிக்காவுக்கு ஆவுமா தம்பி?"

"ஆப்பிரிக்கா என்ன, எங்க வேணும்னாலும் ஆவும். துபாய்க்குப் போறவுக, லண்டனுக்குப் போறவுக, எல்லாரும் இதத்தான் வாங்கிட்டுப் போறாவ."

"சூடாகாதே?"

"அதெல்லாம் ஒண்ணும் ஆவாதுக்கா. ஏன் பயப்படுதிய?"

நூற்றைம்பது ரூபாய். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். ஒரு வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

என் கணவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். செய்த கம்பெனியின் பெயர் இல்லை. பத்து ஆம்பியர் என்று மட்டும் போட்டிருந்தது. எங்கள் மூன்று பின் பிளக்கை அதில் செருகிப் பார்த்தார், லொடலொடவென்று ஆடியது. "எர்த்துக்கு ஓட்டை இருக்கு, உள்ள தொடறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றார் டார்ச் அடித்துப் பார்த்து. பிறகு இஸ்திரிப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். "மெஷினைவிட இது பல மடங்கு இழுக்கும். இதைத் தாங்கிச்சுன்னா அதைத் தாங்கும்."

மாட்டினார். இரண்டு பேரும் எதிரே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். குக்கரில் மூன்றாவது விசில் வருவதற்குள் பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்துவிட்டது. சுவிட்சை அணைத்துவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். ஓரத்தில் விரல் பதிந்தது. அவர் அதைக் கழற்றி என் பக்கம் தள்ளி வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை செம்பூரில் ஒரு பெரிய கடைக்குப் போனேன். பயணப் பெட்டிகளும் கழுத்துத் தலையணைகளும் விற்கும் கடை. அங்கே அடாப்டர் அழகான டப்பாவில் இருந்தது. உள்ளே ஃபியூஸ், துளைகளை மூடும் தடுப்பு, போன் சார்ஜ் செய்யத் தனி இடம், எல்லாம் இருந்தன. ஆயிரத்து எண்ணூறு ரூபாய். விலை இருந்தால் பாதுகாப்பும் இருக்கும் என்று நம்பி வாங்கினேன். இவர் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கண்ணுக்குக் கிட்டே வைத்து இன்னொரு முறை படித்தார்.

"அமெரிக்கா, இங்கிலாந்து, ஐரோப்பா, ஆஸ்திரேலியா. கீழ பாரு. தென்னாப்பிரிக்காவுக்குப் பொருந்தாதுன்னு போட்டிருக்கான்."

நிஜமாகவே போட்டிருந்தது, எறும்பு அளவு எழுத்தில். திரும்ப எடுத்துக்கொண்டு போனால், பணம் தர மாட்டோம், வேறு சாமான் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வேறு என்ன வேண்டும் எனக்கு? கழுத்துத் தலையணை ஒன்றும் பெட்டிக்குப் பூட்டுகளும் எடுத்துக்கொண்டு, மீதிக்கு அவர்கள் தந்த சீட்டைப் பர்ஸில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். கால் அப்படி வலித்தது. வாங்கினதை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கடை வாசல் படியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். வாட்ச்மேன் எழுந்திருக்கச் சொல்லும்வரை.

அன்று சாயங்காலம் இவர் சொன்னார். "இன்னும் ரெண்டு வாரம்தான் இருக்கு. பிளக் கிடைக்கலேன்னா நான் வரல. நீ போயிட்டு வா. நான் டோம்பிவிலில அக்கா வீட்டுல இருந்துக்கறேன்."

நான் அடுக்களையில் நின்றுகொண்டிருந்தேன். அந்த நிமிடத்தில் எனக்குள் நடந்ததை இப்போது எழுதவும் கூச்சமாகத்தான் இருக்கிறது. தோளிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. ஆறு வாரம். மகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், சமைக்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும். அதெல்லாம் ஒரு வேலையாகவே தோன்றவில்லை. ஆனால் அந்த ஆறு வாரமும் படுக்கைக்குப் பக்கத்தில் மெஷின் இருக்காது. "பாக்கலாங்க, இன்னும் கடை இருக்கு" என்று சொன்னேன். அந்தக் குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது.

செவ்வாய்க்கிழமை மகளுக்கு அப்பளமும் பருப்புப் பொடியும் வாங்க மாதுங்கா மார்க்கெட்டுக்குப் போனேன். அந்தத் தெருவிலேயே ஓர் எலெக்ட்ரிக்கல் கடை உண்டு. கடைக்காரர் கட்ச் பக்கத்துக்காரர். மாதுங்காவில் பிறந்து வளர்ந்ததால் தமிழும் பேசுவார். அந்த வழியாகப் போனதால் கேட்டேன். அவ்வளவுதான். தேடிப் போகவில்லை.

"எந்த ஊருக்கும்மா?"

சொல்லிவிட்டு, மகள் அனுப்பிய படத்தைப் போனில் காட்டினேன். அவர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். உடனே சிரித்துவிட்டார்.

"யே தோ அப்னா பவர் பிளக் ஹை! உங்க வீட்டுல ஏசிக்கு, கீசருக்குப் பெரிய பிளக் இருக்கு இல்ல? அதேதான். என் அக்கா பையன் டர்பன்ல இருக்கான். நான் எத்தனை அனுப்பியிருக்கேன்!"

பின்னால் இருந்த தட்டிலிருந்து வெள்ளையாக ஒரு சாமானை எடுத்தார். முன்னால் பெரிய மூன்று பின், பின்னால் சின்ன பிளக் செருகும் துளைகள். வீட்டில் கீசர் பாயின்ட்டில் மிக்ஸியோ டேபிள் ஃபேனோ மாட்டுவதற்காக எல்லோரும் வாங்குவதுதான். என் பிறந்த வீட்டில்கூட ஒன்று இருந்தது. மூன்று வாரமாக நான் உலகத்துக்கே பொருந்தும் ஒன்றைத் தேடியிருக்கிறேன்.

அவர் அதோடு விடவில்லை. மேஜையில் கிடந்த காந்தத்தைப் பின்மேல் வைத்துக் காட்டினார். ஒட்டவில்லை. "பித்தளை. இரும்புக்கு முலாம் பூசிக் கொடுப்பான், அது ஒட்டும், சூடாகும். வாங்காதீங்க." ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் காட்டினார். எர்த் பின் உள்ளே போனால்தான் மற்ற இரண்டு துளையும் திறக்கும் என்று ஒரு குச்சியை விட்டுக் காட்டினார். எங்கள் மெஷின் பிளக் அளவில் ஒன்றைச் செருகி ஆட்டினார், ஆடவில்லை. நூற்று இருபது ரூபாய். ஒரு துண்டுச் சீட்டில் பில் எழுதி அதோடு சுற்றிக் கொடுத்தார்.

கைப்பையின் உள் பையில் வைத்து ஜிப்பை இழுத்தேன். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. உட்கார்ந்ததும் ஏனோ அழுகை வந்தது.

கதவைத் திறந்ததும் இவர் கேட்டார். "கிடைச்சுதா?"

"இல்லீங்க. மாதுங்காவுலயும் இல்ல."

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாய் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு யோசிக்க நிறைய நேரம் இருந்தது. அப்போதும் மாற்றிச் சொல்லவில்லை.

மறுநாள் அவர் அக்காவுக்குப் போன் செய்தார். என் நாத்தனார் நல்ல மனுஷி. பிளக் பாயின்ட் இருக்கும் சுவர்ப் பக்கமாகக் கட்டிலைத் தள்ளிப் போட்டுவிட்டதாகச் சொன்னாராம். இவர் தன் சட்டைகளைச் சின்னப் பெட்டியில் அடுக்கினார், மாத்திரைகளைக் கிழமை வாரியாகப் பிரித்தார். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. பெண்ணைப் பார்க்க முடியாத ஏமாற்றம் மட்டும் இருந்தது. அதை அவர் என்னிடம் காட்டாமல் மறைக்கப் பார்த்ததுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு சாயங்காலமும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டு படி ஏறுவேன். ஏறி முடிப்பதற்குள் மூச்சு வாங்கும், நாளைக்குச் சொல்லலாம் என்று ஆகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் வீடியோவில் கூப்பிட்டாள். எனக்காக ஒழித்து வைத்திருக்கும் அறையைக் காட்டினாள். இவர் திடீரென்று, "அந்தச் சுவத்துக் கிட்ட காட்டும்மா. இன்னும் கிட்ட" என்றார். போனையும் கையில் பிடித்துக்கொண்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். எங்கள் ஏசிக்குக் கீழே இருக்கும் சுவிட்ச் போர்டையும் போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அடியே, இங்க வா! இது நம்ம ஏசி பிளக்கேதான்! அதே மூணு ஓட்டை, அதே அளவு!"

அவர் குரலில் அப்படி ஒரு உற்சாகத்தைக் கேட்டு எத்தனையோ வருடம் ஆகியிருந்தது. "மாதுங்காவுல சாதாரண கடையிலயே இதுக்கு மாத்து பிளக் கிடைக்குமே! நம்ம ரெண்டு பேருக்குமே தோணாமப் போச்சு பாரு. இப்பவே போயி வாங்கிட்டு வரேன்" என்று ஸ்டூலிலிருந்து இறங்கி, சட்டையைத் தேடினார்.

நான் போய்க் கைப்பையை எடுத்துவந்தேன். ஜிப்பைத் திறந்து பொட்டலத்தை அவரிடம் கொடுத்தேன்.

அவர் பிரித்தார். பிளக்கைப் பார்த்தார். பிறகு பில்லைப் படித்தார். எதையும் படிக்காமல் விடுகிறவர் இல்லையே.

"செவ்வாக்கிழமை" என்றார்.

போனில் மகள், "என்னப்பா? என்ன ஆச்சு?" என்றாள்.

"ஒண்ணுமில்லம்மா. அம்மா வாங்கி வெச்சிருக்கா" என்றார் அவர்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் ஆயிற்று. நான் தட்டு வைத்தேன், அவர் உட்கார்ந்தார். ரசத்துக்குச் சாதம் பிசைந்துகொண்டே கேட்டார். "என்கூட வரது உனக்கு அவ்வளவு கஷ்டமா?"

"கஷ்டம் இல்லீங்க. களைப்பு."

அவர் காத்திருந்தார். ஆறு வருடத்தில் சொல்லாததை அன்று சொன்னேன். "அந்த மெஷின் ஓடற சத்தம் எனக்கு ஒண்ணும் பண்ணாது. நின்னா முழிப்பு வந்துடும். முகமூடி நகர்ந்துச்சா, கரண்டு போச்சா, நீங்க மூச்சு விடறீங்களான்னு பாப்பேன். ஓடும்போதும் எப்ப நிக்குமோன்னு கேட்டுட்டேதான் படுத்திருக்கேன். நீங்க தூங்கறீங்க. நான் காவல் இருக்கேன். அந்த ஆறு வாரம் தூங்கலாம்னு நினைச்சேன். அவ்வளவுதான்."

"ஆறு வருஷமாவா?"

"ஆறு வருஷமா."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நீங்க தூங்க மாட்டீங்க."

அவர் தட்டைப் பார்த்தபடியே சாப்பிட்டு முடித்தார். கை கழுவிக்கொண்டு வந்து, என் எதிரே நின்று, "நீ முன்னால போ. ரெண்டு வாரம் கழிச்சு நான் தனியா வரேன்" என்றார்.

"தனியாவா? நடுவுல பிளேன் மாறணும்."

"மாறிக்கறேன். எழுதியிருக்கறதைப் படிக்கத் தெரியாதா எனக்கு?"

அவர் டிக்கெட்டின் தேதியை அவரே போன் செய்து மாற்றினார். நாற்பது நிமிடம் லைனில் காத்திருந்தார். நான் எழுந்து போய் உதவவில்லை. எழுந்திருக்கக் கூடாது என்று நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஜோஹன்னஸ்பர்க்கில் இறங்கியபோது அங்கே பிற்பகல். மகளைக் கட்டிக்கொண்டு, கொண்டுபோன பொடிகளை அடுக்கிவிட்டு, ஐந்து நிமிடம் படுக்கிறேன் என்று சாய்ந்தேன். கண் விழித்தபோது மறுநாள் பத்து மணி. மகள் நடைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று எனக்கு டீ போட்டுக்கொண்டிருந்தாள். நான் பதறிக்கொண்டு ஓடினேன். "இரும்மா. நீ தூங்கறதை நான் இப்பத்தான் முதல் தடவை பாக்கறேன்" என்றாள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் அந்த டீயை உட்கார்ந்து குடித்தேன்.

இரண்டு வாரமும் ஓய்வு என்று சொல்ல முடியாது. அவளைத் தூக்கி உட்காரவைத்து என் இடுப்பு போயிற்று. அதோடு அந்த நாட்களில் அங்கே தினமும் முறைவைத்து மின்சாரத்தை நிறுத்திக்கொண்டிருந்தார்கள். எப்போது நிற்கும் என்று மகளின் போனில் முன்னதாகவே வந்துவிடும். அதற்குள் சோறு வடித்துவிட வேண்டும். ஆனால் படுத்தால் தூங்கினேன். அந்த முதல் ராத்திரிக்குப் பிறகு நான்கைந்து நாள் நடுவில் விழிப்பு வந்து, எதையோ கேட்கக் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தேன். பிறகு அதுவும் இல்லை.

இவர் தினமும் டோம்பிவிலியிலிருந்து பேசினார். முதலில் அக்கா வீட்டு டிவி சத்தத்தைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டார். நாலாம் நாள், முகமூடியை இறுக்கிக் கட்ட ஒரு வழி கண்டுபிடித்துவிட்டதாகவும், அது இப்போது நகர்வதே இல்லை என்றும் சொன்னார். இன்னொரு நாள், மெஷின் நின்றால் பீப் அடிக்கும்படி அதிலேயே ஒரு வசதி இருக்கிறது, புத்தகத்தின் நாற்பத்தோராம் பக்கத்தில் போட்டிருக்கிறது, ஆறு வருடமாக யாரும் கவனிக்கவில்லை என்றார். "யாரும்" என்று அவர் சொன்னது தன்னைத்தான் என்று புரிந்தது.

அவர் வந்த அன்று மாப்பிள்ளையோடு விமான நிலையத்துக்குப் போனேன். எல்லோரும் வெளியே வந்து முடிந்த பிறகுதான் வந்தார். தோளில் மெஷின் பை, முகத்தில் இரண்டு நாள் தாடி. மும்பையில் சோதனைக்காரர்கள் பையைத் திறக்கச் சொன்னார்களாம்; இவர் டாக்டர் கடிதத்தைக் காட்டி, மெஷின் எப்படி வேலை செய்கிறது என்று முழுக்க விளக்கினாராம். "போதும் அங்கிள், போங்கன்னு சொல்லிட்டான்" என்று சிரித்தார். களைத்துப்போயிருந்தார். பையை வாங்கக் கை நீட்டினேன்; தரவில்லை.

வீட்டில் பிளக் பொருந்தியது. மின்சாரம் நிற்கும் நேரங்களைக் காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினார். மாப்பிள்ளையோடு சேர்ந்து, மெஷினை வீட்டு இன்வெர்ட்டரில் இணைத்துக்கொண்டார். நான் மகளின் அறையில் படுத்துக்கொண்டேன், அவளுக்கு ராத்திரி உதவி வேண்டும் என்று காரணம் சொல்லி. அவள் அதற்குள் தானாகவே எழுந்து போக ஆரம்பித்திருந்தாள். அது மூன்று பேருக்கும் தெரியும்.

மகள் கால் ஊன்றிய பிறகு செம்பூருக்குத் திரும்பினோம். நான் வேலைக்குப் போகிறேன், பஸ்ஸில் நிற்கிறேன், களைப்பு எங்கேயும் போய்விடவில்லை. மெஷின் பீப் அடித்தால் இப்போது அவரே எழுந்துவிடுகிறார். இரண்டில் ஒரு முறை நானும் எழுந்துவிடுகிறேன். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அவர் சின்னப் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, "அக்காவைப் பாத்து ரொம்ப நாளாச்சு" என்கிறார். ஒரு வாரம் டோம்பிவிலியில் இருந்துவிட்டு வருகிறார். ஸ்டேஷன்வரை நான் கூடப் போவேன். ரயில் நகரும்போது அவர் கை காட்டுவார். எதற்காகப் போகிறார் என்று அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.